நீல மருந்தும் கலயத்துக் கள்ளும்

"சர்க்கரை!" என்று கத்தினேன்.

கத்தியது அரியலூரில், நான் கம்பவுண்டராக இருந்த டிஸ்பென்சரியின் வராண்டாவில். கையில் ஒரு சோதனைக் குழாய். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு வரை மயில் கழுத்து நீலத்தில் இருந்த மருந்து, இப்போது செங்கல் நிறத்தில் குழம்பிக்கொண்டிருந்தது. பெஞ்சிலும் தரையிலுமாக இருபது பேர். எல்லார் கண்ணும் என் மேல். இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

"யாருக்குங்க சார் சக்கரை?" என்று கேட்டார் ஒரு பாய். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வருகிறவர். கால் புண்ணுக்குக் கட்டுப் போட வாராவாரம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"கல்லங்குறிச்சி மேலப்பண்ணை மருமகளுக்கு!" என்றேன். கோயில் ஏலத்தில் பேர் சொல்லுகிற மாதிரி, தெளிவாக, சத்தமாக.

மருமகள் தனபாக்கியம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். தோளில் ஐந்து மாதப் பிள்ளை. களைப்பாக இருக்கிறது, தாகம் எடுக்கிறது என்று சொல்லி வந்தவள். நான் கத்தியதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பிள்ளையைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கெட்டிக்காரத்தனம் மட்டும்தான்.

கம்பவுண்டர் ராஜ்யம்

போன வாரம் கரி பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உமக்கு ரசாயனம் தெரியுமா ஐயா, அல்லது சும்மா அளக்கிறீரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு ஐயா. அந்த வண்டவாளத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

டிஸ்பென்சரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டாக்டரின் பேரன்கள் இருக்கிறார்கள், என்னைவிட அவர்களுக்குக் கோபம் அதிகம். இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் மார்பு அளக்க டாக்டரைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும் வந்து, நான் எழுதி வைத்த சீட்டுகளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், பெஞ்சு துடைக்கிறவனும் நான்தான்.

சனி சாயங்காலம் பெரம்பலூருக்குப் போவேன். வீடு அங்கே. ரயில் கிடையாது, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற கரி பஸ்தான். மேட்டில் அது மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். தள்ளும்போதுகூட என் சட்டைப்பையில் ஒரு சோதனைக் குழாய் வெளியே தெரிகிற மாதிரி செருகியிருக்கும். எதற்கு? பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா!

நீல மருந்து என்றேனே, அதை நானே காய்ச்சுவேன். மயில்துத்தமும் இரண்டு உப்பும். அதில் எட்டுச் சொட்டு மூத்திரத்தை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் பிழைத்தோம். பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் வந்தால் ஏராளம்.

இது கைவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருமல் என்று வந்தவனிடமும் குப்பியைக் கொடுத்தேன். தேள் கொட்டி அலறிக்கொண்டு வந்தவனிடம்கூடக் கொடுத்தேன். அவன் கேட்ட கேள்வியை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

ஒரு சீட்டு வேணும்

எட்டு நாள் கழித்து மேலப்பண்ணைப் பெரியவரும் அவர் சம்சாரமும், அதாவது தனபாக்கியத்தின் மாமனாரும் மாமியாரும், வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். பெரியவர் யாரையும் கேட்காமல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர். பேச்சுக்கு ஒரு தடவை அதைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். வெயில் காலம், நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் குப்பியை நீட்டியவன், அவரிடம் நீட்டவில்லை. பண்ணையாரிடம் போய் அதைக் கேட்க முடியுமா?

"தம்பி, அன்னைக்கு வாயால சொன்னீங்கல்ல, அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க," என்றார் மாமியார். "அவளுக்குச் சக்கரை வியாதின்னு. இங்கிலீசுல இருந்தா நல்லது."

"எதுக்குங்க?"

"அவ அப்பன் வூட்ல காட்டணும்ல? வெள்ளிக்கிழமை ரயிலேத்தி விருத்தாசலத்துப் பக்கம் அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிடறோம். எங்க அண்ணன் மவ ஒருத்தி இருக்கா. ராசாங்கத்துக்குப் பேசியாச்சு."

ராசாங்கம் என்பது அவர் மகன், தனபாக்கியத்தின் புருஷன். வண்டிப் பக்கத்தில் நின்று மாட்டைத் தடவிக்கொண்டிருந்தான். ஊமை இல்லை, அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் வாய் திறக்காது. ஒருவன் ரெண்டு பெண்டாட்டி கட்டக் கூடாது என்ற சட்டம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. கட்டுகிறவனைவிடக் கட்டி வைக்கிறவர்களுக்குத்தான் அவசரம் அதிகம்.

"பிள்ளை?" என்றேன்.

"புள்ள எங்க வூட்டுப் புள்ளல்ல? அது எதுக்குப் போவுது? நீங்க சொன்ன அன்னைக்கே அவகிட்டக் குடிக்கவுடாம நிறுத்திட்டேன். சக்கரைப் பாலு, புள்ளைக்கும் ஒட்டிக்கிட்டா? மாட்டுப் பாலு ஊத்தறேன். கத்துறான், கத்தட்டும். பழகிடும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்து நான் போட்ட ஒரு கூச்சல், ஐந்து மாதப் பிள்ளையின் வாயிலிருந்த பாலைப் பிடுங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தாயையும் பிடுங்கப்போகிறது. இதெல்லாம் நான் எழுதப்போகிற ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. டாக்டர் வருகிற சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"வெள்ளிக்கிழமை காலம்பற அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவ பாத்துட்டு எழுதித் தரேன்," என்றேன்.

"என்னத்தப் பாக்குறது? செவந்துச்சுல்ல?" என்றார் பெரியவர், கூஜாவை வைத்துவிட்டு. "நம்ம வம்சத்துல எவனுக்கும் இந்த மாதிரி ஒடம்பு கெடையாது. பொண்ணு எடுத்த எடம் சரியில்ல."

சோற்றுப் பசை

என்னிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. உயிருள்ள உடம்பு எதனால் ஆனது என்று சொல்லுகிற ரசாயனப் புத்தகம். திருச்சியில் பாதி விலைக்கு வாங்கியது. அதை நான் படித்ததைவிட வேறு வேலைக்குத்தான் அதிகம் பயன்படுத்தினேன்.

அந்தக் காலத்தில் மிக்ஸ்சர் மருந்துக் குப்பியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டித் தருவோம். ஒரு பல் ஒரு வேளை மருந்து. அந்தக் காகிதத்துக்குப் பசை தடவ ஒரு பலகை வேண்டும். பலகைக்கு நான் எங்கே போக? புத்தகத்தைத் திறந்து போட்டு, அதன் மேல் வைத்துச் சோற்றுப் பசையைத் தடவுவேன். அப்படித் தடவித் தடவி, சர்க்கரைகளைப் பற்றிய பாடத்தில் நாலு பக்கம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகையாகவே ஆகிவிட்டது. அந்த நாலு பக்கத்தைத் தாண்டித்தான் நான் சர்க்கரையில் நிபுணன் ஆகியிருந்தேன்.

அவர்கள் போனதும், ஊசி கொதிக்க வைக்கிற பாத்திரத்தின் ஆவியில் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். மெல்ல மெல்லப் பிரிந்தன.

முதல் பக்கத்திலேயே சோறு இருந்தது. மாவுப்பொருள் என்பது சர்க்கரைக் கண்ணிகளை நீளமாகக் கோத்த சங்கிலியாம். பருத்தி நூலும் அதே கண்ணிகள்தானாம், கோத்த விதம் மட்டும் வேறு. அதாவது, மேலப்பண்ணைப் பெரியவர் கட்டியிருக்கும் எட்டு முழ வேட்டியும், அவருடைய பண்ணையாள் குடிக்கும் கஞ்சியும் ஒரே சரக்கு! கரி, இரண்டு வாயு, அவ்வளவுதான். தசைக்கும் ரத்தத்துக்கும் போனால் இன்னொரு வாயு சேரும். வம்சம் என்று ஒரு சரக்கை அந்தப் புத்தகத்தில் எங்கும் காணோம். பின்னால் உள்ள அட்டவணையிலும் தேடிப் பார்த்தேன்.

மூன்றாம் பக்கத்தில் எனக்கு விழுந்தது அறை.

பாலில் ஒரு சர்க்கரை உண்டு. இரண்டு சின்னச் சர்க்கரைகள் கைகோத்தது அது. கோத்தது போக ஒரு கை சும்மா இருக்கிறது. நீல மருந்தைச் சிவப்பாக்குவது அந்தச் சும்மா இருக்கிற கைதான். சர்க்கரை வியாதிக்காரன் உடம்பில் வருகிற சர்க்கரைக்கும் அப்படி ஒரு கை உண்டு. நீல மருந்துக்குக் கைதான் தெரியும், ஆள் தெரியாது. பால் ஊறுகிற தாய்மாருக்கு அந்தப் பால் சர்க்கரை ரத்தத்தில் கசிந்து மூத்திரத்தில் போவது உண்டு. அது நோய் இல்லை; பால் கொடுப்பவளுக்குத் தாகமும் களைப்பும் சகஜம். பிள்ளை குடிப்பதை நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாகப் போகும்.

சோற்றுப் பசைக்கு அடியில் இதையெல்லாம் அச்சடித்து வைத்திருந்தார்கள். நான் அதன் மேல்தான் ஆறு மாதமாகக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இவளுக்கு இருப்பது பால் சர்க்கரைதானா, நோய்ச் சர்க்கரையா? அதற்கும் அதே பக்கத்தில் வழி இருந்தது. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர், நோய்ச் சர்க்கரையைத் தின்று பொங்கும். பால் சர்க்கரையின் பிணைப்பை அவிழ்க்க அதற்குத் தெரியாது, பட்டினி கிடக்கும்.

அரியலூரில் ஈஸ்டுக்கு எங்கே போவது? சண்டைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கே க்யூ. யோசித்தபோது, டிஸ்பென்சரி ஜன்னல் வழியாகவே பதில் தெரிந்தது. தூரத்தில் பனை மரங்கள், மரத்தின் உச்சியில் கலயங்கள்.

மூன்று குழாய்கள்

மதுவிலக்கு எங்கள் பக்கம் அப்போது வந்திருக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், வெள்ளைக் கோட்டோடு கள்ளுக்கடைக்குப் போய் ஒரு கலயம் வாங்கி வந்தேன். கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. "மருந்துக்குங்க," என்று நானாகவே நாலு பேரிடம் சொன்னேன். "எங்களுக்கும் அதேதாங்க," என்றான் ஒருவன்.

கள்ளைத் தெளிய விட்டு, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் நின்ற மண்டியைத் திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவிய தண்ணீர் நீல மருந்தின் நிறத்தை மாற்றாமல் போகிற வரைக்கும். அந்த மண்டியில்தான் ஈஸ்ட் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. வண்டியில் தனபாக்கியத்தின் தகரப் பெட்டி. இங்கிருந்து நேராக ஸ்டேஷன். அவள் முகம் காய்ச்சலில் வாடியிருந்தது. ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது. பிள்ளை மாமியார் தோளில் அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

முதலில் நீல மருந்தில் பார்த்தேன். போன தடவையைவிடச் சிவப்பு.

"பாத்தீங்களா?" என்றார் மாமியார். பால் கட்டினால் கூடும் என்று புத்தகம் சொல்லியிருக்கிறது. ஆனால் புத்தகத்தில் இருக்கிறது என்றால் இவர்கள் நம்புவார்களா? இனி கள்தான் எனக்குத் துணை.

மூன்று குழாய், மூன்று கிண்ணம். ஒன்றாம் நம்பரில் குளுக்கோஸ் தண்ணீர். அது பொங்கினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். இரண்டாம் நம்பர் தனபாக்கியத்துடையது. மூன்றாம் நம்பருக்கு நோயில்லாத ஒரு ஆளுடையது வேண்டும். ஈஸ்ட் சும்மாவே பொங்குகிறதா என்று பார்க்க. அதற்கு என்னுடையதையே வைப்பதாக இருந்தேன்.

கள் மண்டியை மாமியார் பார்த்துவிட்டார். வாசனை வேறு.

"அடப்பாவி! எங்க வூட்டு மருமவ மூத்திரத்துல கள்ள ஊத்துறியா? தீட்டுடா!"

'தம்பி' போய் 'டா' வந்துவிட்டது. மூத்திரத்துக்குத் தீட்டு வருவதை அன்றுதான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன்.

பெரியவர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். "இரு. ஊத்தட்டும், பொங்கட்டும், என்னமோ செய்யட்டும். நமக்கு என்ன பயம்?" பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா மூணாவதுக்கு ஒன்னுது வேணாம். கள்ளுக்கடையில நின்னவன் நீ. என்னுத வெச்சிக்க. அறுவது வயசு. தலவலின்னு படுத்ததில்ல. சுத்தமான ஒடம்பு எப்படி இருக்கும்னு நீயும் தெரிஞ்சிக்கலாம்."

கூஜாவைக் காலி செய்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். தாராளமாகவே கொடுத்தார்.

குழாய்களை விளிம்பு வரை நிரப்பி, மண்டி சேர்த்து, விரலால் வாயைப் பொத்திக் கிண்ணங்களில் கவிழ்த்து நிறுத்தினேன். 1, 2, 3 என்று எழுதிய காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பொங்கினால் வாயு மேலே ஏறித் தண்ணீரைக் கீழே தள்ளும். காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

வெயில் ஏற ஏற ஒன்றாம் நம்பரில் குமிழி வந்தது. தனபாக்கியம் இரண்டாம் நம்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது என்ன, எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அதில் ஒரு குமிழி வந்தால் தன் பிள்ளை போய்விடும் என்று மட்டும் புரிந்துகொண்டிருந்தாள். மாமியார் ரயில் நேரத்தை நாலு தடவை கேட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து நான் குனிந்து பார்த்தேன். ஒன்றாம் குழாயில் பாதிக்கு மேல் வாயு. இரண்டாம் குழாய் விளிம்பு வரை நிறைந்து, அசையாமல் நின்றது. ஒரு பொட்டுக் குமிழி இல்லை.

மூன்றாம் குழாய் பொங்கிக் காலியாகிக்கொண்டிருந்தது.

குழாயை மாற்றி வைத்துவிட்டேனோ? நம்பரைப் பார்த்தேன். மூன்றுதான். பெரியவருடையதில் மிச்சம் இருந்ததை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். பச்சை, மஞ்சள் எல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பில் செங்கல்.

ஓயாத தாகம் சர்க்கரை வியாதியின் அடையாளம்; அந்தக் கூஜாவின் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கவர்

"அம்மா," என்றேன் தனபாக்கியத்திடம், "ஒங்களுக்கு இருக்கிறது பால் சர்க்கரை. பால் ஊறுற யாருக்கும் வரலாம். வியாதி இல்ல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

அவள் நேரே போய் மாமியார் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். அழுகை நின்றது. இத்தனை நாள் அழுகை ஒரு நொடியில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கள்ளு சொல்றத நம்பச் சொல்றியா?" என்றார் மாமியார்.

"என்னுது என்ன சொல்லுது?" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். டாக்டரின் நல்ல காகிதத்தில் ஒன்றை எடுத்தேன். அழகாக எழுதினேன். மடித்தேன். கவரில் போட்டேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

பெரியவர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. சம்சாரத்தின் காதில் ஏதோ சொன்னார். மாமியார் உடனே சமாளித்துக்கொண்டார்.

"அதுக்கென்ன? பெரிய மனுசங்களுக்கு வர்றதுதான். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. பக்குவமா ஆக்கிப் போட்டா ஒண்ணும் செய்யாது. கேவுரு களி கிண்டிப் போட்டாப் போச்சு." பிறகு என்னிடம், "வெளியில சொல்ல வேணாம் தம்பி," என்றார். 'டா' போய்த் 'தம்பி' திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் தனபாக்கியத்தின் குரலை நான் முழுசாகக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு வராண்டா. மாமாவுக்குக் கவரா?"

எனக்குக் காது சுட்டது.

"எனக்குன்னா ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. இல்லன்னு சொல்றத மட்டும் என் காதுல சொல்றீங்க. அதே எடத்துல போயி, அதே மாதிரி கத்துங்க சார்."

போனேன். வராண்டாவில் அதே பெஞ்சு, ஏறக்குறைய அதே ஆட்கள். பாய் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கல்லங்குறிச்சி மேலப்பண்ணை மருமகளுக்குச் சர்க்கரை இல்லை!" என்று கத்தினேன். "நான் சொன்னது தப்பு!"

"யா அல்லா!" என்றார் பாய். "அப்ப யாருக்குங்க சார் சக்கரை?"

வாயைத் திறந்தேன். கள்ளுக்கடைக்குப் போகத் துணிந்தவனுக்கு அதற்குத் துணிச்சல் வரவில்லை. பின்னால் நிழல் தட்டியது. தனபாக்கியம் வாசற்படியில் நின்றாள், பிள்ளை முந்தானைக்குள் குடித்துக்கொண்டிருக்க.

"எங்க மாமாவுக்குங்க," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "சக்கரை இருக்கிறவங்கள அம்மா வூட்டுக்கு அனுப்பறது எங்க வூட்டு வழக்கம். பெட்டி வண்டியிலதான் இருக்கு. ரயிலுக்கு நேரமாவுது, மாமாவ வரச் சொல்லுங்க."

பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ராசாங்கம் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அப்புறம் வண்டியில் ஏறி, யாரையும் கேட்காமல் மாட்டை ஸ்டேஷன் பக்கத்திலிருந்து கல்லங்குறிச்சிப் பக்கம் திருப்பினான்.